பொன் மருந்து தந்த சுப்பாராவ்

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை தோற்ற ஒரு பையன், மூன்றாவது தடவை எழுதுவதற்காகச் சென்னைக்கு வந்தான். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். இந்தத் தடவை தேறிவிட்டான்.

அந்தப் பையன்தான் பிற்காலத்தில் உலகம் முழுவதும் பயன்பட்ட பல மருந்துகளைத் தந்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவர் மேற்பார்வையில் கிடைத்த மருந்துகளில் ஒன்று ஆரியோமைசின். அதன் பெயரில் பொன் இருக்கிறது. எத்தனையோ வகை நோய்க்கிருமிகளைக் கொன்ற மருந்து அது. அதன் இனத்தைச் சேர்ந்த டெட்ராசைக்ளின் இன்றும் மருந்துக் கடைகளில் இருக்கிறது.

ஆனால் இந்த மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் இன்று ஆற்று நீரில் பெருகி வருகின்றன. சுப்பாராவ் படித்த சென்னையின் கூவமும் அடையாறும் இதற்கு விலக்கல்ல. அவர் பாடுபட்டுத் தேடித் தந்த செல்வம், ஆற்றோடு போய்க்கொண்டிருக்கிறது.

காசிக்கு ஓட்டம்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். இது கோதாவரி ஆற்றின் கழிமுகப் பகுதியில் உள்ள ஊர். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. இப்போது ஆந்திராவில் உள்ளது. தந்தை பெயர் ஜகந்நாதம். தாய் வெங்கம்மா. ஏழு பிள்ளைகளில் சுப்பாராவ் ஒருவர்.

குடும்பத்தில் பணக் கஷ்டம். பதின்மூன்று வயதில் சுப்பாராவ் வீட்டை விட்டு ஓடினான். உறவுக்காரப் பையன் ஒருவனும் கூடப் போனான். காசிக்குப் போய், அங்கே வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்ப்பது என்பது அவர்கள் திட்டம். ஆனால் தாய் விடவில்லை. வழியிலேயே பிடித்துத் திருப்பி அழைத்து வந்துவிட்டாள்.

கணவர் இறந்த பிறகும் வெங்கம்மா மனம் தளரவில்லை. நகைகளை விற்று மகனைப் படிக்க வைத்தாள். அந்தப் பணத்தில்தான் சுப்பாராவ் சென்னைக்கு வந்து மெட்ரிகுலேஷன் தேறினார்.

மயிலாப்பூர் மடம்

பிறகு கடற்கரையில் உள்ள மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கில் கெட்டிக்காரர். ஆனால் மனம் துறவில் நாட்டம் கொண்டது. மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்துக்குப் போகத் தொடங்கினார். சந்நியாசி ஆகிவிட விரும்பினார்.

தாயின் சம்மதம் இல்லாமல் சேர்த்துக்கொள்ள முடியாது என்று மடத்தில் கூறிவிட்டார்கள். தாய் சம்மதிக்கவில்லை. வைத்தியம் படித்தால் ஏழைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்ற யோசனை அவருக்குக் கிடைத்தது. அது சுப்பாராவின் மனதில் பதிந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

1919-ம் ஆண்டு சேஷகிரி என்ற பெண்ணை மணந்தார். படிப்புச் செலவுக்கு மாமனார் கைகொடுத்தார்.

அது காந்தியடிகள் அந்நியத் துணியைத் துறக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. பாடங்களில் நன்றாகத் தேறியும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. சர்க்கார் மருத்துவ வேலையும் கிடைக்கவில்லை. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி சென்னையில் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் கற்பிக்கும் வேலையில் அமர்ந்தார்.

இதற்கிடையில் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. அவருடைய சகோதரர்கள் இருவர், சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். இருவருக்கும் வந்தது கிரகணி. தீராத வயிற்றுப்போக்கும் ரத்தச் சோகையும் உண்டாக்கும் நோய் அது. பிறகு சுப்பாராவையும் அது பிடித்தது. லட்சுமிபதியின் வைத்தியத்தால் பிழைத்தார்.

மருந்து ஏன் ஒருவரைக் காப்பாற்றுகிறது, ஏன் ஒருவரைக் கைவிடுகிறது? இதை அறிய வேண்டும் என்ற தாகம் அவருக்கு உண்டாயிற்று. ஆராய்ச்சிக்காக அமெரிக்கா போவது என்று தீர்மானித்தார்.

கூலி வேலை செய்த டாக்டர்

1920-களின் தொடக்கத்தில் அவர் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். கையில் சொற்பப் பணம். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் வெப்ப நாட்டு நோய்கள் பற்றிய படிப்பில் சேர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தார். நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவுவது அந்த வேலையில் சேர்ந்தது. டாக்டர் பட்டம் பெற்றவர் என்று அவர் கூச்சப்படவில்லை.

ஊரில் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை முகம் பாராமலே அது இறந்துவிட்டது. மனைவி சேஷகிரி காத்திருந்தார். கணவர் திரும்பி வரவே இல்லை.

சுப்பாராவ் ஆராய்ச்சியில் மூழ்கினார். ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸ் சத்தை அளக்கும் முறை ஒன்றைப் பேராசிரியர் பிஸ்கேயுடன் சேர்ந்து கண்டுபிடித்தார். 1925-ல் வெளிவந்த அந்த முறைக்கு இருவர் பெயரும் வைக்கப்பட்டது. தசைகள் இயங்குவதற்குச் சக்தி தரும் பொருள்கள் எவை என்பதையும் இருவரும் ஆராய்ந்தார்கள். 1930-ல் அவர் ஹார்வர்டில் பி.எச்டி. பட்டம் பெற்றார். ஆனாலும் அங்கே அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை.

1940-ல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் உள்ள லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவரானார். அடுத்த எட்டு வருடங்களில் அவரும் அவர் குழுவினரும் செய்த வேலை பிரமிக்கத்தக்கது.

1945-ல் போலிக் அமிலத்தைத் தயாரிக்கும் வழியைக் கண்டார்கள். சகோதரர்களைக் கொன்ற கிரகணி நோய்க்கு அது கைகண்ட மருந்தாக அமைந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்துடன் கொடுக்கப்படும் மாத்திரையில் இருப்பதும் அதுதான்.

1947-ல் யானைக்கால் நோய்க்கு மருந்து வந்தது. டி.இ.சி. மாத்திரை என்று வீடு வீடாகக் கொடுத்தது அந்த மருந்தைத்தான்.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைக் கட்டுப்படுத்திய முதல் மருந்தும் அவர் குழுவிலிருந்து வந்தது. அதன் வழி வந்த மெத்தோட்ரெக்ஸேட் மருந்து இன்றும் உலகெங்கும் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது.

மண்ணில் கிடைத்த பொன்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பென்சிலின் பெரும் புகழ் பெற்றது. ஆனால் பென்சிலினுக்கு மசியாத கிருமிகள் பல இருந்தன. அவற்றையும் கொல்லும் மருந்து வேண்டும் என்று சுப்பாராவ் குழு தேடியது. தேடிய இடம் மண்.

ஒரு பிடி மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை இரைக்காகவும் இடத்துக்காகவும் ஓயாமல் சண்டை போடுகின்றன. சில நுண்ணுயிர்கள் ஒருவகை நஞ்சைச் சுரந்து மற்றவற்றைக் கொல்கின்றன. அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தால், மனிதனுக்கு அது மருந்து. இதைத்தான் ஆன்டிபயாடிக் என்கிறார்கள்.

இந்த வேலைக்கு, எழுபது வயது கடந்த பெஞ்சமின் டக்கர் என்ற தாவர நூல் அறிஞரை லெடர்லியில் சேர்த்திருந்தார்கள். பல இடங்களிலிருந்தும் மண் வரவழைக்கப்பட்டது. 1945-ல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் வயல் ஒன்றிலிருந்து வந்த மண்ணில், பொன் நிறமான ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அது சுரந்த பொருளே ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் இனத்தின் முதல் மருந்து அது.

1948 ஜூலையில் அந்த மருந்து உலகுக்கு அறிவிக்கப்பட்டது. புகழ் வந்தபோது சுப்பாராவ் பின்வரிசையில் நின்றார். தன்னுடன் வேலை செய்தவர்களையே முன்னே நிறுத்துவது அவர் வழக்கம்.

அடுத்த மாதமே அவர் மறைந்தார். இரவு தூங்கியவர் காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது 53. அமெரிக்காவுக்குப் போனவர் மறுபடி தாய்நாட்டைப் பார்க்கவே இல்லை.

அடங்காத கிருமி

சுப்பாராவ் போன பிறகு அவர் மருந்து உலகம் சுற்றியது. 1994-ல் சூரத் நகரில் பிளேக் பீதி ஏற்பட்டபோது, மக்கள் மருந்துக் கடைகளை மொய்த்துத் தேடியது டெட்ராசைக்ளினைத்தான்.

ஆனால் கதையின் மறுபக்கம் வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1950-ல், அதே லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். ஆரியோமைசின் தயாரித்த பிறகு மிஞ்சும் சக்கையைக் கோழித் தீவனத்தில் சிறிது கலந்தால், கோழி வேகமாக வளர்கிறது என்பதே அது. நோய் இல்லாத கோழிக்கும் பன்றிக்கும் மருந்து போகத் தொடங்கியது. மனிதர்களும் தொட்டதற்கெல்லாம் மருந்தை விழுங்கப் பழகினார்கள்.

மருந்துக்குக் கிருமிகள் எல்லாமே சாவதில்லை. லட்சத்தில் ஒன்று தப்பிப் பிழைக்கிறது. படகில் ஓட்டை விழுந்தால் செம்படவர் உள்ளே புகும் நீரை இறைத்து வெளியே கொட்டுகிறார் அல்லவா? அதுபோல, டெட்ராசைக்ளினை உள்ளே நுழைந்தவுடன் இறைத்து வெளியே தள்ளும் சக்தி சில கிருமிகளுக்கு உண்டு. மற்றவை செத்ததும், இவை காலி இடத்தில் பெருகுகின்றன.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்தத் தற்காப்பு வித்தையை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கொடுத்துவிடும். வேறு ஜாதிக் கிருமிக்கும் கொடுக்கும். சீதபேதிக் கிருமிகளில் இது நடப்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1959-ல் கண்டார்கள்.

தான்சானியா நாட்டில் 1977-ல் காலரா பரவியது. நோய் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் டெட்ராசைக்ளின் ஏராளமாகக் கொடுக்கப்பட்டது. தொடக்கத்தில் காலராக் கிருமி அந்த மருந்துக்கு அடங்கியது. ஐந்தே மாதங்களில், சோதித்த கிருமிகளில் நான்கில் மூன்று பங்கு அடங்க மறுத்தது.

ஆறு என்னும் பள்ளிக்கூடம்

கிருமிகள் இந்த வித்தையைக் கற்கும் இடங்களில் ஒன்று ஆறு. அது எப்படி?

விழுங்கிய மருந்து முழுவதும் உடம்பில் கரைந்து போவதில்லை. பெரும் பகுதி சிறுநீரிலும் மலத்திலும் அப்படியே வெளியேறுகிறது. டெட்ராசைக்ளினும் அப்படித்தான். வீட்டுக் கழிவு, மருத்துவமனைக் கழிவு, கோழிப்பண்ணைக் கழிவு, மருந்துத் தொழிற்சாலைக் கழிவு எல்லாம் கடைசியில் நீரில் கலக்கின்றன. சாக்கடை சுத்திகரிப்பு நிலையங்கள் அழுக்கை நீக்கக் கட்டப்பட்டவை. மருந்தையும் அடங்காத கிருமியையும் அவை முழுமையாக நீக்குவதில்லை. சுத்திகரிப்புக்கே போகாமல் நேரே ஆற்றில் விழும் சாக்கடையும் உண்டு.

ஆற்றில் மருந்து சிறிதளவே இருக்கும். அது கிருமியைக் கொல்லப் போதாது. கிருமிக்குப் பழக்கம் உண்டாக்கப் போதும். மனிதக் குடலிலிருந்து வந்த கிருமியும், மண்ணில் இருந்த கிருமியும் அங்கே ஒன்று சேர்கின்றன. மண் கிருமிகளிடம் இந்த வித்தை ஆதிகாலம் முதலே உண்டு. கனடா நாட்டில் 30 ஆயிரம் ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலும் டெட்ராசைக்ளினை எதிர்க்கும் சக்தியின் அடையாளம் இருப்பதை 2011-ல் கண்டறிந்தார்கள். பழைய வித்தை, புதிய நோய்க்கிருமிக்குக் கைமாறும் இடமாக ஆறு ஆகிவிடுகிறது.

2007-ல் வந்த ஓர் ஆராய்ச்சி உலகைத் திடுக்கிட வைத்தது. ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவு, சுத்திகரிக்கப்பட்ட பிறகு சோதிக்கப்பட்டது. அந்த நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்சசின் மருந்து இருந்தது. மருந்து சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். அந்த நீர் ஓடைகள் வழியாக மஞ்சிரா ஆற்றுக்குப் போகிறது. மஞ்சிரா கோதாவரியில் கலக்கிறது. சுப்பாராவ் பிறந்த மண்ணுக்கு நீர் தரும் அதே கோதாவரி.

சென்னையில்

சுப்பாராவ் படித்த காலத்தில் இன்றைய தியாகராயநகர் இல்லை. அங்கே பெரிய ஏரி இருந்தது. 1920-களில் ஏரியை வற்றச் செய்து நகர் அமைத்தார்கள். இன்று அந்தப் பகுதியின் நீர் மாம்பலம் கால்வாய் வழியாக நந்தனம் தாண்டி அடையாற்றில் சேர்கிறது. மயிலாப்பூரின் ஓரமாகப் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. அவர் படித்த மருத்துவக் கல்லூரிக்கும் மாநிலக் கல்லூரிக்கும் அருகே கூவம் ஓடுகிறது. இந்த நீரில் பல மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் இருப்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன.

2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சி மாணவரும் பிற நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் வீரிய மருந்தையே முறிக்கும் சக்தி பெற்ற கிருமிகளைப் பற்றியது அது. சென்னை நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளில் 44-ல் அந்தச் சக்தி இருந்தது. அதற்கு வைத்த பெயர் என்.டி.எம்.-1. அடுத்த ஆண்டு டில்லியில் தேங்கிய நீரைச் சோதித்தார்கள். 171 மாதிரிகளில் 51-ல் அது இருந்தது. குழாய் நீர் மாதிரிகள் 50-ல் இரண்டில் இருந்தது.

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. ஆற்றில் இருப்பது ஆற்றோடு நிற்காது என்பதற்கு அந்த வெள்ளமே சாட்சி.

இதனால் யாருக்குக் கெடுதல்? அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கியது. அதுபோன்ற மருத்துவமனைகளில் புற்றுநோய் மருந்து பெறும் குழந்தைகளுக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும். அப்போது சாதாரணக் கிருமியும் உயிருக்கு உலை வைக்கும். அந்த நேரத்தில் காப்பது ஆன்டிபயாடிக் மருந்துதான். சுப்பாராவ் தந்த ஒரு மருந்து பலிக்க வேண்டுமானால், அவர் தந்த மற்றொரு வகை மருந்து வலுவோடு இருக்க வேண்டும். பிரசவம், அறுவைச் சிகிச்சை எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். 2019-ம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டுள்ளார்கள்.

செய்ய வேண்டியது

அரசாங்கம் சில நடவடிக்கைகள் எடுத்துள்ளது. 2014 மார்ச் முதல், வீரியம் மிக்க பல மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். கோழிப்பண்ணைகளில் கொலிஸ்டின் மருந்தை 2019-ல் தடை செய்தார்கள். சாக்கடை ஆற்றில் விழாமல் தடுக்கும் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது. அது பெரிய வேலை.

வீட்டில் செய்யக் கூடியதும் உண்டு. ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் கேட்காது. டாக்டர் எழுதித் தராமல் அதை வாங்கக் கூடாது. எழுதித் தந்தால், சொன்ன அளவு, சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். மிஞ்சியதைப் பக்கத்து வீட்டாருக்குத் தரக் கூடாது. சாக்கடையிலும் கழிவறையிலும் கொட்டக் கூடாது. மருந்துக்கு அடங்காத கிருமியும் கொதிக்கும் நீரில் செத்துப் போகும். ஆகையால் குடிநீரைக் கொதிக்க வைப்பதும், சோப்பு போட்டுக் கை கழுவுவதும் இன்றும் கைகண்ட காவல்.

சுப்பாராவின் நூற்றாண்டான 1995-ல் இந்தியத் தபால் இலாகா அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கும் விஞ்ஞானிகள் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அவருக்கு உண்மையான நினைவுச் சின்னம், அவர் மருந்துகளால் பிழைத்த உயிர்கள்தான்.

தாய் நகைகளை விற்றாள். மனைவி வாழ்நாளெல்லாம் காத்திருந்தார். அவர் மலஜலப் பாத்திரம் கழுவிப் படித்தார். அப்படிக் கிடைத்த மருந்து, அடுத்த தலைமுறைக்கும் பலிக்க வேண்டும். அதைக் காப்பது, மாத்திரையை எடுக்கும் ஒவ்வொரு கையிலும், அதன் கழிவைச் சுமக்கும் ஒவ்வொரு ஆற்றிலும் இருக்கிறது.